மீதி வேகம்: வருட இலக்குகளுக்காகக் கோடு போட்ட ஒரு தாள்

மார்ச் 31ஆம் தேதி இரவு எக்செல் கோப்பைத் திறந்தேன். ஐந்து வரிசையில் நான்கு சிவப்பு, ஒன்று மட்டும் பச்சை. ஜனவரி முதல் தேதி ஆசை ஆசையாகச் செய்த கோப்பு அது. இலக்குகள் ஐந்து: வருடத்துக்குள் 1,000 கிலோமீட்டர் நடப்பது, 24 புத்தகம் படிப்பது, 150 மணி நேரம் கிட்டார் பயிற்சி, பெட்டி பெட்டியாகக் கிடக்கும் பழைய புகைப்படங்களில் 3,000 படங்களை ஸ்கேன் செய்வது, 250 இரவுகளாவது பத்தரை மணிக்குள் படுப்பது. பிப்ரவரியில் அந்தக் கோப்பை ஒரே ஒரு முறைதான் திறந்திருந்தேன். மார்ச்சில் இதுதான் முதல் முறை.

இலக்குகள் மேல் இருந்த ஆசை குறையவில்லை. நடக்கப் பிடித்திருந்தது, கிட்டார் பிடித்திருந்தது. கோப்பைத் திறக்கத்தான் மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அன்று உட்கார்ந்து பார்த்ததில் ஆரம்பித்தது இந்த வேலை. அடுத்த ஒன்பது மாதம் ஒரு காகிதத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்தேன், எதை மாற்றினேன் என்பதைக் குறித்து வைத்ததுதான் இந்தப் பதிவு.

எக்செல் காட்டியது

கோப்பின் அமைப்பு எல்லோரும் செய்வதுதான். இலக்குக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒரு பத்தி, கடைசியில் எத்தனை சதவீதம் முடிந்தது என்ற கணக்கு. வருடத்தில் எத்தனை சதவீதம் கழிந்ததோ அதைவிடக் குறைந்தால் கட்டம் சிவப்பாகும். மார்ச் முடிவில் 90 நாள் கழிந்திருந்தது, அதாவது 24.7 சதவீதம். நடை 168 கி.மீ., 16.8 சதவீதம். கிட்டார் 26 மணி நேரம், 17.3. படங்கள் 240, வெறும் 8. இரவுகள் 41, அதாவது 16.4. புத்தகம் மட்டும் ஏழு முடிந்து 29 சதவீதத்தில் பச்சையாக நின்றது. போதாததற்கு ஐந்தையும் சேர்த்து ஒரு சராசரியும் போட்டிருந்தேன்: 17.5. கிலோமீட்டரையும் புத்தகத்தையும் தூக்கத்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் வருவது எதன் அளவு? அந்தக் கட்டத்தை அன்றே அழித்தேன்.

மற்றக் கட்டங்களும் 'நீ பின்தங்கிவிட்டாய்' என்பதோடு நிறுத்திக்கொண்டன. நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கட்டமும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட கோப்பை மாதம் தவறாமல் யார் திறப்பார்கள்?

சரி, நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று கால்குலேட்டரை எடுத்தேன். நடையில் மீதி 832 கி.மீ. கையில் இருப்பது 275 நாள். 832ஐ 275ஆல் வகுத்தால் 3.03. ஜனவரி முதல் தேதி கணக்குப்படி 1,000ஐ 365ஆல் வகுத்தால் 2.74. வித்தியாசம் 290 மீட்டர். நான் நடக்கும் வேகத்துக்கு மூன்றரை நிமிடம்.

மூன்று மாதமாக என்னைக் கோப்பின் பக்கமே போகவிடாமல் செய்த சிவப்பு, நாளுக்கு மூன்றரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. கிட்டாரையும் அதேபோல் போட்டேன். மீதி 124 மணி நேரம், 275 நாள், நாளுக்கு 27 நிமிடம். ஆரம்பத்தில் 25 நிமிடமாக இருந்தது இரண்டு நிமிடம் கூடியிருக்கிறது. எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாள் எடுத்துவந்தேன்.

தாளைத் தயார் செய்தது

ஏ4 தாளைப் படுக்கவாட்டில் வைத்தால் அகலம் 297 மில்லிமீட்டர், உயரம் 210. இடப்பக்கம் இலக்கின் பெயருக்கு 60 மி.மீ. விட்டேன். மீதியில் மாதத்துக்கு 18 மி.மீ. வீதம் 12 பத்தி போட்டால் 216. இரண்டும் சேர்ந்து 276, ஓரங்களில் பத்துப் பத்து மி.மீ. கிடைக்கும். வரிசையின் உயரம் 25 மி.மீ. ஐந்து இலக்குக்கு 125 போக, மேலே தலைப்புக்கு 15, அடியில் 40 மி.மீ.யில் ஓர் அகலப் பட்டை. அந்தப் பட்டைதான் இந்தத் தாளின் உயிர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எண். மேலே இந்த மாதம் செய்தது, நடுவில் இதுவரை மொத்தம், அடியில் கொஞ்சம் பெரிதாக, வட்டம் போட்டு, மீதி வேகம். இந்தப் பெயர் நானே வைத்துக்கொண்டது. கணக்கு இவ்வளவுதான்: இலக்கிலிருந்து இதுவரை செய்ததைக் கழித்து, மீதி நாட்களால் வகுப்பது.

மீதி நாட்களை ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டாம் என்று தலைப்பில் மாதப் பெயருக்குக் கீழேயே எழுதிவிட்டேன். ஜனவரி முடிவில் 334, பிப்ரவரி 306, மார்ச் 275, ஏப்ரல் 245, மே 214, ஜூன் 184, ஜூலை 153, ஆகஸ்ட் 122, செப்டம்பர் 92, அக்டோபர் 61, நவம்பர் 31. லீப் வருடமானாலும் இதில் ஜனவரி எண் மட்டும்தான் 335 ஆகும். பிப்ரவரி முடிந்தபின் மிஞ்சும் நாட்கள் எந்த வருடத்திலும் ஒன்றே. அதனால் இந்த வரியை ஒரு முறை எழுதினால் போதும்.

முதலில் பென்சிலால்தான் எழுதினேன். அப்புறம் பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஞாபகம் வந்தார். தன்னைத் திருத்திக்கொள்ள அவர் 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டு, ஒரு சின்ன நோட்டில் பண்புக்கு ஒரு வரிசை, கிழமைக்கு ஒரு பத்தி என்று கட்டம் போட்டு, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்துவந்தார். வாரம் ஒரு பண்பில் தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளை அழித்து அழித்தே தாளில் ஓட்டை விழ, பிறகு ஈரப் பஞ்சால் துடைத்துவிடும்படியான யானைத் தந்த ஏடுகளுக்கு மாறியதாக அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒவ்வொரு சுற்றும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது, துடைத்தார். எனக்கோ துடைத்துவிட்டால் என்ன நடந்தது என்பதே தெரியாமல் போய்விடும். அதனால் பேனாவுக்கு மாறினேன். இலக்கை மாற்றினால் பழைய எண்ணின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் புது எண், தேதி. அழிப்பது கிடையாது.

தாளை ஒட்டிய இடம் அலமாரிக் கதவின் உள்பக்கம். தினமும் கண்ணில் பட்டாலும் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்க மாட்டார்கள்.

தினசரிக் குறிப்பு அந்தந்த வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். கிட்டார் பக்கத்தில் ஒரு கையடக்கக் காலண்டர், 15 நிமிடத்துக்கு ஒரு கோடு. படுக்கை அருகே இன்னொன்று, பத்தரைக்குள் படுத்தால் ஒரு புள்ளி. நடைக்கு போன். ஆனால் போன் வீட்டுக்குள் நடப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. நான் நடக்க என்றே கிளம்பிய நடையை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள்கூட விடாமல் சங்கிலி போல் எண்ணும் செயலியை முன்பு வைத்திருந்தேன், அதை எடுத்துவிட்டேன். 70 நாள் தொடர்ந்து செய்துவிட்டு 71ஆம் நாள் விட்டால் அது பூஜ்யத்தைக் காட்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊற சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகக் கெடுக்கவும் இல்லை. அப்படியிருக்க, ஒரு நாள் விட்டதற்கு 70 நாளையும் அழித்துக் காட்டும் கருவி என்னைத் தளர்த்தத்தான் செய்யும்.

ஏன் என்ற பட்டை

அடியில் விட்ட 40 மி.மீ. பட்டையில் மாதத்துக்கு இரண்டு வரி. முதல் வரி, எது நடக்கவில்லை, ஏன். இரண்டாவது, அடுத்த மாதம் செய்யப்போகும் ஒரே ஒரு மாற்றம்.

ஏப்ரல் முடிவில் முதல் வரியில் 'கிட்டார் 9 மணி நேரம்தான், சோம்பல்' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் அடுத்த வரிக்குக் கை ஓடவில்லை. சோம்பலுக்கு மாற்றாக என்ன எழுதுவது? 'சுறுசுறுப்பாக இருக்க வேண்டும்' என்றா? அது நாளைக்குச் செய்கிற காரியம் ஆகாது. அதனால் முந்தின செவ்வாய்க்கிழமை மாலை என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தேன். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கிட்டார் அதன் உறைக்குள், அலமாரிக்குப் பின்னால். எடுத்து, உறையைக் கழற்றி, சுருதி சேர்த்து, மடியில் வைக்க ஏழெட்டு நிமிடம். இருபத்தேழு நிமிடப் பயிற்சிக்கு ஏழெட்டு நிமிட முன்வேலை. களைத்து வந்த மனிதர் தள்ளிப்போடுவது இங்கேதான்.

சோம்பல் என்ற சொல்லை அடித்துவிட்டு 'உறைக்குள் இருக்கிறது' என்று எழுதினேன். மாற்றம் தானாக வந்தது: ஸ்டாண்டில் வைப்பது. மே மாதம் 14 மணி நேரம். அதற்கப்புறம் பட்டையில் குணத்தைக் குறிக்கும் எந்தச் சொல்லையும் நான் எழுதியதில்லை. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதற்குப் பதிலாக என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதினேன். ஒரே ஒரு மாற்றம் என்பதிலும் பிடிவாதமாக இருந்தேன். மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

மாதக் கணக்குக்கு உட்காரும் நாளை மாதத்தின் கடைசி நாளாக வைக்காதீர்கள். அன்று அலுவலக வேலையே தலைக்கு மேல் இருக்கும். கணக்கு மாதக் கடைசி வரைக்குமானது, உட்காருவது அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு காலை. இருபது நிமிடத்துக்கு மேல் ஆனால் தாளில் ஏதோ தேவையில்லாதது இருக்கிறது என்று அர்த்தம்.

பச்சையாக இருந்த புத்தகம்

ஏப்ரல் முடிவில் ஒன்பது புத்தகம். கணக்குப்படி எட்டு போதும். முன்னால் இருந்தேன். ஆனால் மேசையில் 600 பக்க நாவல் ஒன்று ஜனவரியிலிருந்து பிரிக்காமலே கிடந்தது. முடித்த ஒன்பதையும் அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒல்லியானவை. நான் படிக்க விரும்பிய நாவலை ஒதுக்கி, எண்ணிக்கைக்கு உதவும் புத்தகமாகப் பொறுக்கியிருக்கிறேன்.

சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து பிற்பாடு அவர் பெயரிலேயே விதியாக வழங்குகிறது: ஓர் அளவையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பதில்லை. நாட்டின் பணத்துக்குச் சொன்னது என் புத்தக அடுக்குக்கும் அப்படியே பொருந்தியது. '24' என்பதன் மேல் கோடு போட்டு, 'தினம் 30 நிமிடம்' என்று எழுதினேன். மே மாதக் கட்டத்தில் முடித்த புத்தகம் பூஜ்யம். அந்த நாவலை ஏழு வாரம் படித்தேன். அந்த வருடத்தில் நான் செய்த மிக நல்ல காரியம் அது. பழைய கோப்பாக இருந்தால் அந்த மாதம் சிவப்புத்தான் காட்டியிருக்கும்.

எல்லாவற்றையும் நிமிடமாக்கியது

மே மாதக் கணக்கில் படங்களின் மீதி வேகம் 12.9 என்று வந்தது. நாளுக்கு 13 படம், அவ்வளவுதானே என்று தோன்றியது. ஸ்கேனர் பக்கம் போய் உண்மையில் எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தேன். நாலுக்கு ஆறு அங்குலப் படங்கள். ஏ4 கண்ணாடியில் இரண்டை நிற்க வைத்து, மேலே ஒன்றைப் படுக்க வைத்தால் மூன்று அடங்கும், நாலாவதற்கு இடமில்லை. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஓடவிட்டு, தூசு துடைத்து, வெட்டி, பெயர் கொடுத்து, பின்பக்கம் எழுதியிருப்பதையும் குறித்துக்கொள்ள மூன்று படத்துக்கு ஆறு நிமிடம். மீதி 2,760 படத்துக்கு 92 மணி நேரம். நாளுக்கு 26 நிமிடம்.

அப்போதுதான் மற்றதையும் நிமிடமாக்கிப் பக்கத்தில் எழுதினேன். நடை 3 கி.மீ., 36 நிமிடம். கிட்டார் 28. படிப்பு 30. படம் 26. கூட்டினால் சரியாக 120 நிமிடம். வேலை நாளில் இதற்கென்று எனக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் முடியக்கூடியது. சேர்ந்து முடியாது. ஐந்து மாதமாக நான்கும் ஒரே மாலை நேரத்துக்காக ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. நானோ மன உறுதி போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வருட இலக்கு வைக்கிறவர்கள் ஜனவரியிலேயே செய்ய வேண்டிய கூட்டல் இது. தனித்தனிக் கட்டமாகப் பார்ப்பதால் கண்ணில் படாமல் போகிறது.

படங்களைக் குறைப்பது என்று முடிவு செய்தேன், மனம் ஒப்பவில்லை. பெட்டியைத் திறந்துவைத்து அம்மாவிடம் கேட்டேன். "மூவாயிரத்தையும் யார் உட்கார்ந்து பாக்கப் போறாங்க? நல்லதா பொறுக்கி எடு, யார் யாருன்னு நான் சொல்றேன்" என்றார். 3,000 மேல் கோடு போட்டு 600 ஆக்கினேன். ஏற்கெனவே 240 முடிந்ததால் மீதி 360. அதற்கு ஸ்கேன் வேலை 12 மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனேன். ஒரு படத்தில் வரிசையாக நிற்கும் ஏழு பேரில் ஐந்து பேரை எனக்கு முன்பு தெரியாது. அக்டோபரில் முடிந்தது.

ஈடுகட்ட முடியாத இலக்கு

தூக்கக் கணக்கில் மீதி வேகம் என்னை ஏமாற்றப் பார்த்தது. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

நடை பின்தங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு கி.மீ. நடந்து சரிக்கட்டலாம். கிட்டாரும் அப்படியே. தவறிய இரவை எந்த ஞாயிற்றுக்கிழமையாலும் மீட்க முடியாது. ஒரு நாளுக்கு ஓர் இரவுதான். ஜூன் முடிவில் 78 இரவு. மீதி 172, நாட்கள் 184. நாளுக்கு 0.93 என்று பார்க்கச் சின்ன எண்ணாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றுக்கு மேல் போகவே முடியாத இடத்தில் 0.93 என்றால் கழுத்து வரை வந்துவிட்டது என்று பொருள்.

இப்படிப்பட்ட இலக்குக்குக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். 365இல் 250 என்றால், தவறவிட 115 இரவு கையிருப்பு. ஜூன் முடிவில் 103 செலவாகி 12தான் மிச்சம். ஜனவரியிலிருந்தே கையிருப்பை எழுதிவந்திருந்தால் பிப்ரவரியிலேயே முழித்துக்கொண்டிருப்பேன். ஜூலையில் பழைய இலக்கின் மேல் கோடு போட்டு, மீதி 184 இரவில் 120 என்று புதிதாக வைத்தேன். தவறவிட 64. பட்டையில் எழுதிய காரணம் 'படுக்கையில் போன்'. மாற்றம், சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றுவது. ஜூலையில் 22 இரவு, டிசம்பர் முடிய மொத்தம் 131.

மீதி வேகத்தின் இன்னொரு குணத்தையும் சொல்லிவிட வேண்டும். வருடத் தொடக்கத்தில் அது மிக இதமாகப் பேசும். மார்ச்சில் 60 கி.மீ. பின்தங்கினால் நாளுக்கு 220 மீட்டர்தான் கூடும். அதே 60 கி.மீ. நவம்பர் முடிவில் நாளுக்குக் கிட்டத்தட்ட இரண்டு கி.மீ. 'கொஞ்சம்தானே' என்று மாதா மாதம் விட்டால் கடைசியில் மொத்தமாக வந்து நிற்கும். அதனால் ஒரு எல்லை வைத்தேன். ஆரம்ப வேகத்தைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் அந்த மாதமே இலக்கை மாற்றுவது அல்லது வேறொன்றை விடுவது. நடைக்கு அந்த எல்லை 4.1. ஜூனில் காய்ச்சலில் 11 நாள் படுத்ததில் 3.18 ஆனது, செப்டம்பரில் 3.26, மழை பிடித்துக்கொண்ட நவம்பர் முடிவில் 3.55. எல்லைக்குள்ளேயே இருந்தது.

டிசம்பர் 31

நடை 978 கி.மீ. கிட்டார் 139 மணி நேரம். புத்தகம் 17, அதில் அந்த நாவலும் உண்டு. படம் 600, பெயர்களோடு. இரவு 209. ஜனவரியில் எழுதிய எண் ஒன்றையும் நான் எட்டவில்லை, ஆனால் 12 மாதமும் கணக்கு எழுதியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கோடு போட்டு மாற்றிய இடங்களும் பட்டையில் இருக்கும் வரிகளும் எனக்கு எண்களைவிட அதிகம் சொல்கின்றன.

இந்த வருடத் தாளில் நான்கு வரிசைதான். ஐந்தாவதை எடுத்ததில் கிடைத்த இடத்தையும் பட்டைக்கே கொடுத்துவிட்டேன், இப்போது அது 65 மி.மீ. இடப்பக்கம் இலக்கின் பெயருக்குக் கீழே நாளுக்கு எத்தனை நிமிடம் என்றும் எழுதி, நான்கையும் கூட்டி 85க்குள் கொண்டுவந்த பிறகுதான் கதவில் ஒட்டினேன். தூக்கத்துக்கு, இரவு தவறத் தவறக் குறைந்துவரும் கையிருப்பு. ஜனவரிக் கட்டம் நிரம்பிவிட்டது: நடை 92 கி.மீ., மீதி 908, நாளுக்கு 2.72. பட்டையில் ஜனவரிக்கு எழுதியது, 'காலை நடை நாலு நாள் விட்டுப்போனது, காலணி ஈரம்'. பிப்ரவரி மாற்றம், இன்னொரு ஜோடி.